அந்தத் தவணை மட்டும்

— அதுவும் ஜப்திதானா கொம்பாத்ரே? நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலியைக் கேக்குறேன்.

— கிண்டல் வேண்டாம் எலாதியோ. உங்க மகளுக்கு ஞானத்தகப்பன்னுதானே கொம்பாத்ரேன்னு கூப்பிடுறீங்க? அந்த உறவுலதான் வந்திருக்கேன், பேங்க் மேனேஜரா வரலை.

— ஞாயித்துக்கிழமையும் டை கட்டிக்கிட்டா?

— பழக்கம்.

— பழக்கந்தான். பேங்க் அரசாங்கத்துக்கிட்ட இருந்தப்ப, இந்த ரொட்டி மெஷினுக்குக் கடன் கேட்டு நடையா நடந்தேன். உங்க முகத்தைக்கூடப் பார்க்க முடியலை. தனியாருக்கு வித்ததும் நீங்களே கடைக்கு வந்து, என் மாவுக் கையைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்குனீங்க.

— திறமை கூடிடுச்சுன்னு மேலிடத்துல சொன்னாங்க. புவேப்லா மாநிலத்துலேயே என் கிளைதான் முதல்னு சுவர்க்கடிகாரம்கூடக் குடுத்தாங்க.

— நல்ல கடிகாரம். வட்டி ஏறுற நேரத்தைக் கரெக்டா காட்டுது.

— டிசம்பர்ல நம்ம பெசோ மதிப்பு விழுந்து வட்டி ஏறினதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

— விழட்டும், ஏன் என் தலையில விழணும்? நாள் பூரா சோளரொட்டி வித்தாலும் வட்டிக்கே காணலை. ஆனா உங்க பேங்க் மட்டும் கல்லு மாதிரி இருக்காம், டிவியில சொன்னாங்க.

— கணக்குப்படி அப்படித்தான். நீங்க கட்டாம விட்டீங்களே, அந்தத் தவணை மட்டும்தான் வாராக்கடன். மிச்சக் கடன் ஆரோக்கியமா இருக்கு.

— அடேயப்பா. எங்கப்பாவுக்குக் கால் அழுகினப்ப இந்தக் கணக்கு தெரியாமப் போச்சே. சுண்டுவிரல் மட்டும்தான் நோயாளின்னு சொல்லி, ஆளை ஆட வெச்சிருப்பேன்.

— பேசுங்க, பேசுங்க. நாளைக்கு உங்க கடனாளி சங்கம் டிராக்டரோட என் கிளைக்கு வருதாமே?

— வருது. வாசல்ல டிராக்டரை நிறுத்திக் கதவை இழுத்துப் பூட்டப் போறோம். வேண்டாம்னு சொல்லத்தான் வந்தீங்கன்னா, காபியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க. மெஷின் போனா கடை போச்சு, கொம்பாத்ரே. நக்கலா பேசுறேனே தவிர, பயமாத்தான் இருக்கு.

— எனக்கும்தான்.

— உங்களுக்கென்ன? சம்பளக்காரரு.

— ஊழியர் எல்லாரும் பேங்க் பங்கு வாங்கணும்னாங்க. வீட்டை ஈடு வெச்சு, எங்க பேங்க்லயே கடன் எடுத்து வாங்கினேன். இப்ப அந்தப் பங்கு ரொட்டி மடிக்கிற காகிதத்துக்குக்கூட ஆகாது. போன மாசத் தவணையைக் கட்டலை. வீட்டுக்காரி அம்பாரோவுக்கு இன்னும் சொல்லலை.

— விடுங்க. அந்தத் தவணை மட்டும்தானே? மிச்சம் ஆரோக்கியமா இருக்கும்.

— நாளைக்கு டை கட்டலை எலாதியோ. டிராக்டர்ல எனக்கும் ஒரு இடம் வைங்க. பூட்டு வாங்க வேண்டாம், கிளைச் சாவி என்கிட்டதான் இருக்கு.