எள்ளுக்கு இரண்டு தாய்வீடு

எனக்குத் தும்மல் ஜாஸ்தி. ஒன்று வந்தால் ஏழு வரும். இருபத்திரண்டு வருஷம் எள் தூசியோடு குடித்தனம் நடத்தியதில் மிச்சம் அதுதான். முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். முதலில் இருந்தது தும்மல்தான்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் விதைக் கிடங்கு என் பொறுப்பு. எங்கெங்கோ பொறுக்கி வந்த எள் ரகங்கள் குளிர் அறையில் தட்டுத் தட்டாக உறைந்து கிடக்கும். காட்டு எள் இஷ்டப்பட்டால்தான் முளைக்கும். வயல் எள் சொன்ன பேச்சு கேட்கும். அந்த முரடு எங்கே, எப்போது மனிதனுக்கு அடங்கியது என்பதை மரபணுவில் தேடுவதுதான் மாடியில் இருப்பவர்களின் பிழைப்பு. அடங்காமலே இருப்பது எப்படி என்று ஆராய்வதாக இருந்தால் என் வீட்டுக்காரியை மாதிரிக்குக் கொடுத்திருப்பேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஏணியில் நின்றபடி தும்மினேன். மலைக்காட்டு எள் ஒரு தட்டு, ஆற்றங்கரை வயல் எள் ஒரு தட்டு, இரண்டும் தரையில் கொட்டின. உட்கார்ந்து கண்ணால் பார்த்துப் பிரித்து அள்ளி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த வருஷம் எங்கள் இயக்குநர், நாங்கள் பெரியவர் என்போம், மலைத் தட்டில் வயல் எள்ளின் மரபணுவைக் கண்டுபிடித்துத் துள்ளிக் குதித்தார். எள் ஆற்றங்கரையில் மட்டுமல்ல, மலையிலும் தனியாகப் பயிரானது, அதற்கு இரண்டு தாய்வீடு என்று எழுதினார். விருது, மாலை, புதுக் கட்டடம். கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் என் தும்மலுக்கு எழுப்பிய நினைவு மண்டபமாக்கும் என்று மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். யாருக்கும் நஷ்டமில்லை. எள்ளும் புகார் செய்யவில்லை.

அப்புறம்தான் மாடிக்குப் புது ஆராய்ச்சியாளராகப் பூதக்கண்ணாடி வந்தாள். அது நான் வைத்த பெயர். கனமான கண்ணாடி, அதைவிடக் கனமான சந்தேகம். நல்ல பெண். என் வீட்டுக்கே இரண்டு முறை வந்திருக்கிறாள். வீட்டுக்காரி அவளுக்கு இரண்டாம் தரம் பரிமாறியபோது நான் தட்டைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

விதைகளின் மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்கிற புது இயந்திரத்தில் அந்த மலைத் தட்டு எள்ளைப் போட்டாள். ஒரு புதன்கிழமை கிடங்குக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“அண்ணா, மலையில இருக்கறதும் ஆத்தங்கரையில இருக்கறதும் அண்ணன் தம்பி இல்ல. ஒரே ஆளு. சட்டை மாத்திப் போட்டிருக்கான். எப்பவாவது தட்டு கொட்டிச்சா?”

பொய் எனக்கு வராது. “கொட்டிச்சும்மா,” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். “பயப்படாதீங்க. உங்க பேரப் போடமாட்டேன். கிடங்குல கலந்துடுச்சுன்னு மட்டும் எழுதறேன்.”

கிடங்கில் இருக்கிற ஒரே ஆள் நான்.

“பெரியவருக்குத் தெரியுமா?”

“இன்னும் யாருக்கும் தெரியாது. கொட்டறதுக்கு முன்னாடியே கட்டி வெச்ச மலை எள்ளு, பிரிக்காத பழைய பொட்டலம், பின்வரிசையில இருக்கில்ல? அதுலேர்ந்து பத்து விதை எடுத்துப் பாத்துட்டா, லீவு முடிஞ்சு அவர்கிட்ட சொல்லிடலாம்.”

யோசித்துப் பாருங்கள். பெரியவருக்கு எழுபத்தொன்று, இதயத்தில் இரண்டு அடைப்பு. இந்தச் செய்தி அவரைக் கொன்றுவிடும். ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். “வெள்ளிக்கிழமை மதியம் வாம்மா, எல்லாரும் போயிடுவாங்க, நிதானமா எடுக்கலாம்,” என்றேன். அதற்கடுத்து மூன்று நாள் விடுமுறை.

குளிர் அறைக்கதவின் உள்பக்கக் கைப்பிடி கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை கழற்றி என் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். குளிர்ச்சட்டைகள் இரண்டையும் சலவைக்குப் போட்டேன். அழுக்காகத்தான் இருந்தன.

சொன்னபடி வந்தாள். சட்டை இல்லை என்றதும், “ரெண்டு நிமிஷந்தானேண்ணா, கதவ மட்டும் பிடிச்சுக்குங்க,” என்றாள். உறைகுளிரில் கெட்டுவிடும் என்று போனை எல்லோரும் வெளியே வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். என் மேசைமேல் வைத்தாள். அவள் பின்வரிசைக்குப் போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். நான் பூட்டவில்லை. அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

கால் மணி நேரத்தில் அவள் போன் அடித்தது. அம்மா என்று வந்தது. பெற்ற மனசு தவிக்குமே என்று எடுத்தேன். “கிளம்பிட்டாங்கம்மா, போனை மறந்து வெச்சுட்டாங்க. பஸ் ஏறியிருப்பாங்க,” என்றேன். “நீங்க நல்லா இருக்கணும்,” என்றார்கள்.

அதன் பிறகு இன்னும் கொஞ்ச நேரம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் பலமாக. “அண்ணா, கதவு மாட்டிக்கிச்சு” என்றுதான் கத்தினாள், பாவம், கதவின் மேல்தான் சந்தேகம் அவளுக்கு. போகப் போகச் சத்தம் தேய்ந்தது.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். வக்கீல் சார், அதை மட்டும் நீங்கள் திருத்தச் சொல்ல வேண்டும். ஒருவர் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. அதனால்தான் அந்தச் சத்தம் நிற்பதற்குள்ளேயே விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.