சண்டை பிடிக்க ஏலாத விதை

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பஸ். முன் சீட்டில், இரண்டு விதைப் பைக்கற்றுகளை மடியில் வைத்திருந்த நடுவயதுக்காரர், பக்கத்திலிருந்த இளைஞரிடம் சொன்னார்:

“விதையை மட்டும் சொந்தக்காரங்கள்ட்ட எடுக்காதீங்க தம்பி. சண்டை பிடிக்க ஏலா.”

பின் சீட்டில் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையை நான் மடித்துவிட்டேன்.

“என்ன நானா நடந்திச்சு?” என்று அண்ணனிடம் கேட்பதுபோல் கேட்டார் இளைஞர்.

“தங்கச்சிட மாப்புள தந்த மிளகாய் விதை. போன போகம் அவர்ட தோட்டத்தில நல்லாக் காய்ச்சிச்சு. அந்தக் காயில எடுத்த விதைதான். எனக்கு ஒரு கண்டுல நீட்டுக் காய், ஒரு கண்டுல குட்டைக் காய், இன்னொண்டுல காயெல்லாம் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது. யுத்தம் நிண்டு பாதை திறந்த பொறகு யாழ்ப்பாணத்துல இருந்தும் வியாபாரி வாறாரு. வந்தவரு சாக்கை அவுத்துப் பாத்திட்டு, அப்புடியே திரும்பக் கட்டிட்டாரு.”

“கலப்பின விதையில காய்ச்ச காயில விதை எடுத்தா அப்புடித்தான் நானா. அடுத்த முறை ஒரே சாதியா வராது.”

“இப்பதான் விளங்குது. அதுதான் சீல் வச்ச பைக்கற்று, பில்லோட. பிழைச்சா கடையில போய் நிண்டு கத்தலாம். மாப்புளயோட கத்தினா தங்கச்சியல்லவா அழுவா.”

“ஒங்கட தோட்டத்துக்கு ஒண்டு போதுமே. மத்தது?”

“மாப்புளைக்கு. அவரும் அதே விதையைத்தான் போட்டாரு. பாவம், அவர்ட சாக்கையும் யாரும் எடுக்கல்ல.”

“வெக்கப்படுவாரே, வாங்குவாரா?”

“ஒண்டு வாங்கினா ஒண்டு சும்மா எண்டு கடையில தந்தாங்க எண்டு சொல்லுவன்.”

பிறகு அவர் ஒரு பைக்கற்றை எடுத்து, அதில் ஒட்டியிருந்த விலையை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.