பித்தக்கல், அடைப்பு இல்லை

வாக்குமூலப் படிவத்தில் நேரம் போட மறந்துவிட்டீர்கள். மேலே, தேதிக்குப் பக்கத்தில். பரவாயில்லை, போட்டுக்கொள்ளுங்கள், காத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் விட்டதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. கண் தானாக அங்கேதான் போகிறது.

என்ன வேலை என்று உங்கள் மேலதிகாரி கேட்டார். நோய்க்கு நம்பர் போடும் வேலை என்றேன். சிரித்தார். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சிரிப்பார்கள். டாக்டர் நோயின் பெயரை எழுதுவார், ஃபைல் எங்கள் அறைக்கு வரும், அதற்குரிய நம்பரை நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். பித்தக்கல்லுக்கு ஒரு நம்பர் உண்டு. அதன் கடைசி இலக்கம் பூஜ்யமானால் கல் இருக்கிறது, அடைப்பு இல்லை. ஒன்று என்றால் கல் பித்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் சிகிச்சைப் பட்டியல் அந்த நம்பரைப் பார்த்துத்தான் தயாராகும். ஒன்று போடப்பட்டவரை மறுநாளே கூப்பிடுவார்கள். பூஜ்யம் ஆறு வாரம் வரிசையில் நிற்கும். சிரிக்கிற பெரிய மனிதர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

எங்களுக்கு உள்ளது ஒரே விதி. டாக்டர் எழுதியதற்கு மட்டும்தான் நம்பர், நாமாக ஊகிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் மஞ்சள் சீட்டில் கேள்வி எழுதி அனுப்பி, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

வயிற்று டாக்டர் வெறுமனே ‘கல்’ என்று எழுதுவார். எங்கே கல், சிறுநீரகத்திலா, பித்தப்பையிலா, அல்லது அவர் மண்டையிலா என்று நாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒரே மாதத்தில் அவருக்கு மட்டும் நாற்பது மஞ்சள் சீட்டு அனுப்பினேன். அடுத்த கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றார். “நான் எழுதறதைப் பார்த்து நம்பர் போடணும், அவ்வளவுதானே? அதுக்கு எதுக்குங்க ஒரு செக்ஷன்? ஒரு கிளி வளர்த்தா போதாதா?”

விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீ கொண்டுவந்த ஆள்கூடச் சிரித்தார். மறுநாளிலிருந்து எனக்குக் கிளியக்கா என்று பெயர். அவமானமாக இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன், வீட்டுக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆனால் யோசித்துப் பார்த்தேன். டாக்டர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கிளி என்றால் கிளியாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அந்தத் தையல்காரப் பெண்ணின் ஃபைல் வந்தது. முப்பத்தெட்டு வயது, பள்ளிச் சீருடை தைப்பவள், சாப்பிட்டதும் விலாவுக்குக் கீழே வலி. டாக்டர் ‘பித்தப்பைக் கல்’ என்று எழுதி ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தார். ஸ்கேன் முடிந்து அவள் வீட்டுக்குப் போய்விட்டாள், அறிக்கை எங்களிடம் வந்தது. கல் குழாய்க்குள் இறங்கியிருக்கிறது, குழாய் வீங்கியிருக்கிறது என்று அதில் தெளிவாக இருந்தது. இரண்டு முறை படித்தேன். டாக்டர் அடைப்பு என்று எழுதவில்லை. பூஜ்யம் போட்டேன்.

மஞ்சள் சீட்டு ஏன் அனுப்பவில்லை என்று காலையில் கேட்டீர்கள். சந்தேகம் வந்தால்தான் அனுப்ப வேண்டும். எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டுத் தானே எங்கள் அறைக்கு இறங்கிவந்தார். அன்றைக்குத்தான் பத்து நாள் லீவில் கிளம்புகிறார், கையில் கார் சாவி. ஒரு தாளில் ‘குழாயில் கல், அடைப்பு, அவசரம்’ என்று எழுதி, கையெழுத்து, தேதி, நேரம் எல்லாம் போட்டு என் மேஜைமேல் வைத்தார். “இப்ப திருப்தியா? நம்பரை மாத்திடுங்க” என்றார். மாற்றிவிடுவதாகச் சொன்னேன். போகும்போது தாங்க்ஸ் என்றார், அதையும் மறைக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை போன் செய்தார். தையல்காரம்மாவுக்குச் சிகிச்சை ஆகிவிட்டதா என்று கேட்டார். “லிஸ்ட்ல இருக்காங்க டாக்டர்” என்றேன். அது பொய் இல்லை. நாற்பத்து மூன்றாவதாக இருந்தாள்.

நம்பரை மாற்ற நான்கு விநாடி போதும். யாரும் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவர் லீவு முடிந்து வரும்போது அவள் இன்னும் வரிசையில் நிற்க வேண்டும், அவர் கத்த வேண்டும், எழுதியதற்கு ஆதாரம் எங்கே என்று அத்தனை பேர் முன்னால் நான் கேட்க வேண்டும். நான் கண்ட கனவு அவ்வளவுதான். அதற்காகத் தாளைக் கிழிக்கவில்லை, நான் காட்டுமிராண்டி இல்லை. எங்கள் அறையில் ஒரு தாளைத் தொலைக்கக் கிழிக்க வேண்டியதே கிடையாது. போன வருடம் இறந்துபோன ஒரு கிழவரின் ஃபைலில் சொருகி வைத்தேன். எண்பதாயிரம் ஃபைலில் அது ஒன்று. வாரிசுச் சான்றிதழுக்காக அந்த ஃபைலைக் கேட்டு அவர் மகன் இந்த வாரமே வந்து நிற்பான் என்று யார் கண்டது?

அடுத்த திங்கட்கிழமை அவளுடைய அண்ணன் அவளையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டான். அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தான். வெயில் நேரத்தில் போர்வை போர்த்திக்கொண்டு நடுங்கினாள். கண் மஞ்சளாகியிருந்தது. ஜாக்கெட்டில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியபடியே இருந்தது, எடுக்க மறந்திருப்பாள்.

“அம்மா, தங்கச்சிக்கு மூணு நாளா காய்ச்சல். ஆறு வாரம் தாங்காதும்மா. கொஞ்சம் முன்னாடி போட முடியுமா?”

“டாக்டர் அவசரம்னு எழுதினாத்தான்ப்பா போட முடியும். அவர் எழுதலையே” என்றேன்.

“எழுதலையா?”

“எழுதியிருந்தா நான் அன்னைக்கே போட்டிருப்பேன். காய்ச்சலுக்கு மாத்திரை குடுத்து, வீட்டுல படுக்க வைங்க.”

அவன் தலையாட்டினான். மூலையில் இருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அவள்தான் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, “உங்களுக்குத்தான்க்கா சிரமம்” என்றாள். புதன்கிழமை விடிந்ததும் எமர்ஜென்சிக்குத் தூக்கிவந்தார்கள். அதற்குள் கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது. மதியத்துக்குள் முடிந்துபோனது.

டாக்டரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எழுதிக் கொடுத்தேன், எழுதிக் கொடுத்தேன் என்று எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. கூட்டத்தில் சிரித்தவர்களே என்னிடம் வந்து, நீங்கள் அப்போதே சொன்னீர்கள், நாங்கள்தான் கேட்கவில்லை என்றார்கள். அந்தப் பதினோரு நாள் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

இப்போது தாள் உங்கள் மேஜையில் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. எல்லாம் தெரிந்தேதான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது, அதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு வேண்டியிருந்தது டாக்டரின் தவறு ஒன்று மட்டும்தான். அந்த மனிதர் அன்றைக்குப் பார்த்து எல்லாவற்றையும் சரியாக எழுதித் தொலைத்தால், நான் வேறு என்னதான் செய்ய முடியும்?