ஒன்பதாவது வீடு

தட்டுகளைப் பெட்டியில் படுக்கவைத்து அடுக்கக் கூடாது. நிறுத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் லாரி குலுங்கினாலும் உடையாது. நான் எட்டு முறை வீடு மாறியிருக்கிறேன், இரண்டே தட்டுகள்தான் உடைந்தன. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். டீ போடட்டுமா?

என் கணவன் ராஸ் மாதம் ஒரு கடிதம் உங்கள் ஊக்கமருந்துத் தடுப்பு அலுவலகத்துக்கு எழுதுகிறான் என்று எனக்குத் தெரியும். தடைக்காலம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. "அந்த மருந்து என் உடம்புக்குள் எப்படி வந்தது, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று எழுதுகிறான். அதற்காக ஒருவரை நேரிலேயே அனுப்புவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டில் அந்த மாத்திரை இருந்ததா என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

ராஸ் பெரிய கால்பந்து ஆட்டக்காரன் இல்லை. மூன்றாவது, நான்காவது டிவிஷன்களில் பன்னிரண்டு வருடம் கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தலையால் முட்டித் திருப்பியவன். மூக்கு மூன்று முறை உடைந்தது. கார்லைல், க்ரூ, யோவில், பரோ, ஜில்லிங்ஹாம். இடையில் மூன்று ஊர்க் கிளப்புகளுக்கு அவனை இரவல் கொடுத்தார்கள். ஆட்டக்காரனை இரவல் கொடுத்தால் அவன் மனைவியும் இரவல்தான். க்ரூவில் எனக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை இருந்தது. ஐந்தாவது ஊருக்குப் பிறகு நான் வேலைக்கு விண்ணப்பிப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு நேர்காணலிலும், ஏன் எங்கேயும் நிலைக்கவில்லை என்று கேட்டார்கள்.

எங்கள் மகள் நெல் நான்கு வயதில் பள்ளியில் சேர்ந்தாள். ஒரு பருவம் முழுக்க யாரிடமும் பேசவில்லை. அவளுக்குப் பேச்சே வராது என்று டீச்சர் நினைத்திருந்தார். வீட்டில் நன்றாகப் பேசுவாள். ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "எப்படியும் போகத்தானே போறோம்," என்றாள்.

ஒன்பதாவது வீடு இதுதான். இந்த க்ளீதார்ப்ஸுக்கு வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. கிளப்புடன் மூன்று வருட ஒப்பந்தம். எனக்கு மறுபடியும் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பாதி நாள் வேலை கிடைத்தது. அக்டோபரில் அவளுடைய ஆறாவது பிறந்தநாளன்று அந்தச் சமையலறைக் கதவுச் சட்டத்தில் அவளை நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். முந்தைய வீடுகளிலும் போட்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே ஒரு கோடுதான். ஒற்றைக் கோட்டால் எந்தப் பயனும் இல்லை. ஒப்பிடுவதற்கு இன்னொன்று வேண்டும். இங்கே ஏழுக்கும் போட்டேன், எட்டுக்கும் போட்டேன்.

மூன்றாவது வருடம் பிப்ரவரியில் ராஸ் கையில் போனோடு சமையலறைக்கு வந்தான். என்னை ஹேஸ் என்றுதான் கூப்பிடுவான்.

"ஹேஸ், டெவன்ல ஒரு கிளப். ரெண்டு வருஷம். அங்கயும் கடல் இருக்கு. இந்தச் சேறு மாதிரி இல்ல, தண்ணி நீலமா இருக்குமாம்."

"எப்ப பேசின?"

"இப்பதான். சரின்னு சொல்லிட்டேன்."

"நெல்கிட்ட யார் சொல்றது?"

"நீதான் அழகா சொல்லுவியே. டேப் எங்க வச்சிருக்க?"

பெட்டிக்கு ஒட்டும் டேப்பைத்தான் கேட்டான். ஜூனில் போக வேண்டிய வீட்டுக்கு பிப்ரவரியிலேயே பெட்டி தேடினான். கெட்டவன் இல்லை. ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன், அவ்வளவுதான்.

என் அப்பா கடைசி மூன்று மாதம் எங்களோடு இருந்தார். இதயக் கோளாறு. உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஜனவரியில் இறந்துபோனார். மீந்த மருந்துகளை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பெட்டி மட்டும் இழுப்பறையில் தங்கிவிட்டது. ஊக்கமருந்தின் தடயத்தை மறைக்கும் என்பதால் இது ஆட்டக்காரர்களுக்குத் தடை செய்யப்பட்ட மாத்திரை என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். இருமல் மருந்து வாங்கினாலும் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்குவோம்.

எங்கள் வீட்டில் டீ போடுவது நான்தான். மார்ச் முதல் வாரத்திலிருந்து அவன் காலை டீயில் அதைப் பொடித்துப் போட்டேன். அவன் இரண்டு சர்க்கரை போட்டுக் குடிப்பான், அதனால் ருசி தெரியவில்லை.

பயிற்சிக்குப் போனால் ஓயாமல் கழிப்பறைக்கு ஓடினான். கேப்டன் கேஸ் எல்லார் முன்னாலும் கேட்டானாம், "என்னடா ராஸ், மாசமா இருக்கியா? பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி ஓடுற. பேரு கேஸ்னு வைப்பியா?" அதை ராஸ் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நான்தான் தேய்த்துவிட்டேன். "உன் கை பட்டாத்தான் வலி விடுது, ஹேஸ்," என்பான்.

மார்ச் கடைசியில் ஓர் ஆட்டத்துக்கு நெல்லையும் அழைத்துப் போனேன். ராஸ் திரும்பி ஓடவே தடுமாறினான். பின்வரிசையில் ஒருவர் கத்தினார், "ஹெப்வொர்த், எங்க பாட்டி வாக்கரோட உன்னைவிடச் சீக்கிரம் திரும்புவாடா."

நெல் திரும்பிப் பார்த்தாள். "அது எங்கப்பா."

அவர் முகம் சிவந்துவிட்டது. பையைத் துழாவி ஒரு புதினா மிட்டாய் கொடுத்தார். "சாரி பாப்பா. தலையால முட்டுறதுல உங்கப்பாவ அடிச்சுக்க ஆளே இல்ல."

எழுபதாவது நிமிடத்தில் ராஸ் விழுந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. மார்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தான். நெஞ்சு படபடக்கிறது என்றானாம். அன்றிலிருந்து அளவைப் பாதியாகக் குறைத்தேன். நான் கவனமில்லாதவள் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இந்த டிவிஷனில் உங்கள் ஆட்கள் அடிக்கடி வருவதில்லை. மூன்று வருடத்தில் இரண்டு முறைதான் வந்தார்கள், இரண்டு முறையும் ராஸ் பெயர் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சீசன் முடிவதற்குள் அவனைப் பரிசோதிக்கும் வாய்ப்பு நூற்றில் மூன்றுகூட இல்லை. அப்படியே விட்டால் அவன் உடம்பு வீணாகக் கெட்டிருக்கும்.

உங்கள் இணையதளத்தில் ஒரு படிவம் இருக்கிறது. பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்கலாம். "கவலையுள்ள ரசிகர்" என்று ஒருவர் எழுதியது உங்கள் கோப்பில் இருக்கும். அதில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருக்கும். அவற்றை வேண்டுமென்றேதான் விட்டேன்.

பதினோராவது நாள் பயிற்சி மைதானத்துக்கு வந்தார்கள். மூன்று பேரைச் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். ராஸ் வீட்டுக்கு வந்து சிரித்தான். "நான்தான் முதல்ல முடிச்சேன். ஒரே நிமிஷம். கேஸ் மூணு மணி நேரமா தண்ணியக் குடிச்சுக் குடிச்சு உக்காந்திருக்கான், பாவம்."

அன்று மாலை மீதி மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டினேன்.

மே மாதம் பரிசோதனை முடிவோடு உங்கள் கடிதம் வந்தது. ராஸ் அதை மூன்று முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். "நீதானே லேப்ல வேலை பாக்குற. இது என்ன?" அது என்ன மருந்து, உடம்பில் என்ன செய்யும், ஏன் தடை செய்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். தவறாக எதுவும் சொல்லவில்லை.

ஆட்டக்காரர் சங்கத்திலிருந்து காலின் என்று ஒருவர் வந்தார். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்தார்.

"வீட்ல பெரியவங்க யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டாங்களா?"

"எங்கப்பா. அவர் போனதும் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டேன்," என்றேன்.

"ஒண்ணு ரெண்டு தங்கியிருக்கலாம். தலைவலி மாத்திரைன்னு நினைச்சு போட்டிருக்கலாம். நான் சொல்லிக்குடுக்கல, ராஸ். ஞாபகப்படுத்திப் பாருங்கன்னு சொல்றேன். எப்படி உள்ள போச்சுன்னு சொன்னா நாலஞ்சு மாசத்துல முடிஞ்சிரும். டெவன்காரங்க காத்திருப்பாங்க. தெரியாதுன்னு சொன்னா முழுசா ரெண்டு வருஷம். உங்க வயசு முப்பத்தொண்ணு. நான் மேல சொல்ல வேண்டியதில்ல."

அவர் போனபின் ராஸ் இந்த அறையில் சுவருக்குச் சுவர் நடந்தான். கடைசியில் நின்று கேட்டான். "அப்படியே எழுதிக் குடுத்துரலாமா, ஹேஸ்?"

அவன் கையைப் பிடித்தேன். "நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"அப்ப இல்லைன்னு சொல்லு. நெல் ஒரு நாள் இதெல்லாம் படிப்பா. அவங்கப்பா பொய் சொன்னார்னு படிக்கணுமா?"

விசாரணையில் அவன் உண்மையைச் சொன்னான். எப்படி வந்தது என்று தெரியாது என்றான். இரண்டு வருடம் கொடுத்தார்கள். அவனை யாரும் பொய் சொல்ல வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லச் சொன்னது நான்தான். உள்ளூர்ப் பத்திரிகையில் நான் அவன் கையைப் பிடித்திருக்கும் படம் வந்தது. கணவனுக்குத் துணையாக உறுதியாக நின்ற மனைவி என்று எழுதியிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரப் பெண் கவுன்டரைச் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

அந்த இரண்டு வருடம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. பெட்டிகளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். ராஸ் மீன்துறைமுகத்தில் குளிர்கிடங்கில் சுமை தூக்கினான். மீதி நேரம் கடல்சுவர்மேல் நடந்தான். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி எழுந்து ஷூ போடுவான். நெல் ஒன்பதுக்கும் பத்துக்கும் இங்கேயே கோடு போட்டுக்கொண்டாள். பள்ளி நாடகத்தில் அவளுக்குத்தான் அதிக வசனம்.

அந்த நாட்களில் அவன் ஒரு பட்டியல் எழுதினான். அந்த வாரங்களில் வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதினான். ரொட்டி, முட்டை, கிளப்பில் கொடுத்த பானம், கேஸ் கொடுத்த சூயிங்கம். ஒவ்வொன்றாக விசாரித்து, மற்றவர்களும் அதைச் சாப்பிட்டார்கள் என்று தெரிந்ததும் அடித்துவிடுவான். பட்டியல் இதோ இழுப்பறையில் இருக்கிறது, பாருங்கள். நாற்பத்தாறு வரி. நாற்பத்தைந்தை அடித்திருக்கிறான். "காலை டீ, ஹேஸ்" என்பதை மட்டும் அடிக்க மறந்துவிட்டான்.

தடை முடிந்தது. எந்த கிளப்பும் கூப்பிடவில்லை. தப்பை ஒப்புக்கொள்ளாதவன் என்று பெயர். அந்தக் கோடையில் அவன் தன் டீயைத் தானே போட ஆரம்பித்தான். நெல்லுடைய பாலையும் அவனே காய்ச்சினான். வேலையில்லாத மனிதன், பொழுது போக ஏதாவது வேண்டும். அக்டோபர் விடுமுறைக்கு நெல்லை பார்ன்ஸ்லியில் தன் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனான். ஒரு வாரம் என்றான். நெல் அங்கேயே பள்ளியில் சேர்ந்துவிட்டாள்.

கடிதங்களில் அவன் என் பெயரை ஒரு முறைகூட எழுதவில்லை என்கிறீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். அவனுக்கு என்மேல் சந்தேகம் இருந்தால் எழுதியிருப்பானே. பெயர் கெட்டுப்போன ஊரில் அவனால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை, அதனால் போனான். வேறு காரணம் இல்லை.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை வீட்டில் இருந்தது. போட்டது நான். ராஸ் ஹெப்வொர்த் எதையும் தெரிந்து சாப்பிடவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இன்றைக்கே அவனுக்குத் தெரிவித்தால் நல்லது. பெயர் சுத்தமாகிவிட்டது என்று தெரிந்தால் அவன் அங்கே இருக்க எந்தக் காரணமும் இல்லை.

போன மாதம் வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பினார். கதவுச் சட்டத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஐந்து கோடுகள் இருக்கின்றன. பதினொன்றும் பன்னிரண்டும் விட்டுப்போயின, ஆனால் மேலே நிறைய இடம் இருக்கிறது. அவர்கள் வந்ததும் தேட வேண்டாம் என்று பென்சிலைச் சட்டத்தின்மேலேயே வைத்திருக்கிறேன்.