புற்றுமண் பூசிய பலகை

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. பத்து நாளாக நின்றுகொண்டே மைக்கில் கத்தியதில் முழங்கால் விட்டுப்போய்விட்டது. எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். மறைப்பதற்கும் தெம்பு வேண்டும், எனக்கு அது இல்லை.

மரணக்கிணறு காட்சி என்னுடையது. பலகைகளை நிறுத்திக் கட்டிய வட்டக் கிணற்றின் சுவரில் பிச்சையா மோட்டார் சைக்கிள் ஓட்டுவான். சனங்கள் மேலே சுற்றி நின்று எட்டிப் பார்ப்பார்கள். போன வருஷம், எழுபத்தெட்டில், சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முதன்முதலாக வந்தோம். பிச்சையா இம்மி பிசகாமல் ஓட்டினான். மேலநீலிதநல்லூர்க்காரர் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே பாதியில் இறங்கிப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த வருஷம் முதல் நாள், பிச்சையாவின் பெண்சாதி மாடத்தி கோவிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்தாள். புருஷனுக்குக் காவலாக இருக்கட்டும் என்று தண்ணீரில் குழைத்துப் பலகையில் மூன்று பட்டை போட்டாள். அது காய்ந்து பொடியானதும் அந்த இடத்தில் சக்கரம் ஒரு சாண் வழுக்கியது. மேலே நின்றவர்கள் அலறினார்கள். அடுத்த காட்சிக்கு வரிசை ராட்டினம் வரை நின்றது.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. பிச்சையாவுக்குப் புரியவில்லை.

"டயர் தேஞ்சிட்டுபோல, அண்ணாச்சி" என்றான்.

புது டயர் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் மாடத்தியிடம் மண்ணை வாங்கி, இன்னும் கொஞ்சம் உயரத்தில் நானே பூசினேன். அன்றும் வழுக்கியது. இறங்கி வந்தவன் அந்தப் பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"சாமி மண்ணுதான் என்னைய விழவிடாமப் பிடிச்சு நிறுத்துது. நாளைக்கு இன்னும் ரெண்டு பட்டை கூடப் போடுங்க."

"தொடச்சிருவோமாலே?" என்று கேட்டேன். நான் கேட்டதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"சாமி மண்ணத் தொடைக்கவா? ஆகாது அண்ணாச்சி."

அதன்பிறகு காட்சி நன்றாகிவிட்டது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பார்த்தவர்களே மறுபடியும் வந்ததால், இன்றைக்கு ஒரு சாண் வழுக்கினால் நாளைக்கு ஒரு முழம் வழுக்க வேண்டியிருந்தது. பிச்சையாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

நேற்றுத் தபசு. காலையில் மாடத்தி வந்து நின்றாள்.

"இன்னைக்கு ஒரு நா அவுகள விட்டுருங்க அண்ணாச்சி. தூக்கத்துல திடுக்கு திடுக்குன்னு முழிக்காவ."

"இன்னைக்கு ஒரு நாள்தானம்மா" என்றேன். இரண்டாவது காட்சியில் மேலிருந்து தலைகுப்புற விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவன் கேட்டுத்தான் நான் மண் பூசினேன் என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியிருக்கிறார். அதை மட்டும் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். நேற்று அவன் மண் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது, ஏற மாட்டேன் என்றுதான் சொன்னான். "சுத்தி முழுக்க மண்ணு பூசியிருக்கேம்லே, ஒண்ணும் ஆகாது" என்று நான்தான் சொன்னேன். அவன் சுவரைக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினான்.