அக்கா சொல்லச் சொல்ல

— ‘மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு.’ எழுதிட்டியா?

— இரு அக்கா. ‘தலைமை’யிலயே நிக்கிறேன். லைக்குக் கொம்பு முன்னாடியா, பின்னாடியா?

— முன்னாடிடா. லைக்கும் முன்னாடி, மைக்கும் முன்னாடி.

— இந்தா பாரு, தலையெல்லாம் நரைச்சுப் போச்சு, இன்னும் இந்தக் கொம்பு என்னை முட்டிக்கிட்டே இருக்கு.

— கொம்பு யாருன்னு சொல்லிக் கொடுத்தேன்?

— சின்ன மாமா.

— ஏன் சின்ன மாமா?

— எந்த வீட்டு விசேஷமா இருந்தாலும் முதல் ஆளா வந்து நிப்பார். வாயைத் திறக்கிறது மட்டும் கடைசியில. கொம்பும் அப்படித்தான், முன்னாடி நிக்கும், சத்தம் பின்னாடி வரும்.

— ம். அவ்வளவுதான், சரியா? எழுது. ‘என் உடல்நிலை காரணமாக, ஆசிரியப் பணியிலிருந்து…’

— கொஞ்சம் நில்லுக்கா. ரிப்பேருக்கு ரெண்டு லிஃப்டைத் திறந்து போட்டுட்டு ஓடி வந்திருக்கேன், அவசரம்னு சொன்னியேன்னு. இதுக்கா? அத்தான்கிட்டச் சொல்லியிருந்தா ஒரு நொடியில டைப் பண்ணிக் கொடுத்திருப்பாரே.

— கொடுப்பார். கொடுத்துட்டு எதிர்ல உக்காந்து என்னையே பார்த்துக்கிட்டு இருப்பார், கண்ணு நிறைய தண்ணியோட. என்னால முடியாதுடா. உன் முன்னாடின்னா எனக்கு வெட்கமில்ல.

— நீயே எழுதலாமே. எழுதத்தான் வருதுன்னு டாக்டர் சொன்னாராமே?

— அதுதான்டா கொடுமை. எழுத வருது. எழுதி முடிச்சுத் திரும்பிப் பார்த்தா, நான் எழுதினதே எனக்குப் புரியல. போன வாரம் கடைக்கு வேணும்கிறதைக் கிடுகிடுன்னு எழுதி எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் ‘என்னம்மா வேணும்’ங்கிறார். பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கேனோன்னு திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சிரிக்காதேடா.

— சிரிக்கலக்கா.

— சிரிச்சே. உன் மூக்கு காட்டிக் கொடுத்துடும்.

— சரி, சிரிச்சேன். டாக்டர் வேற என்ன சொன்னார்?

— கை கால் தேறிடுச்சு, பேச்சுல குறை இல்ல, கண்ணும் நல்லாத்தான் இருக்கு. மூளையில எழுத்தைப் படிக்கிற இடத்துல மட்டும் ரத்தம் அடைச்சுக்கிச்சாம். பேப்பரைத் திறந்தா எழுத்துன்னு தெரியுதுடா. ரொம்பப் பழகினவங்க தெருவுல எதிர்ல வந்து சிரிச்சா, பேர் மட்டும் வராம முழிப்போமே, அப்படி. ஒவ்வொரு எழுத்தும் என்னைப் பார்த்துச் சிரிக்குது. யாருன்னு தெரியல.

— எனக்கு அதுகூட இல்லக்கா. எனக்கு அதுங்க சிரிச்சதே இல்ல. முறைக்கும்.

— தெரியும் தங்கம். ‘படம்’னு ஒரு வார்த்தை எழுதச் சொன்னா போதும், உனக்கு வேர்த்துக் கொட்டும்.

— பின்ன? ‘ப’வும் அதே மாதிரி, ‘ட’வும் அதே மாதிரி, ‘ம’வும் அதே மாதிரி. மூணு பேரும் ஒரே சட்டை போட்டுக்கிட்டு நின்னா நான் யாரைன்னு கூப்பிடுவேன்?

— அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சே?

— ட நாற்காலி. ப மூடியில்லாத டப்பா. ம, அந்த டப்பாக்குள்ள கைய விட்டு மாட்டிக்கிட்டவன். எல்லாம் நீ சொன்னதுதான். அம்மா தையல் மெஷின் பக்கத்துல உக்காந்து, வெட்டிப் போட்ட துணியைத் தரையில வளைச்சு வளைச்சு எழுத்து பண்ணுவ. நான் அது மேல நடக்கணும்.

— அம்மா கத்துவாங்க, ‘துணியை மிதிக்காதீங்கடா’ன்னு.

— கத்திட்டு, நல்ல கலர்த் துணியாப் பார்த்து எடுத்துப் போடுவாங்க.

— ஆமாடா! மஞ்சள் துணின்னா உனக்கு உடனே பிடிபடும்.

— ராத்திரி படுக்கும்போது முதுகுல எழுதுவ. கூசும். நெளிஞ்சா முதல்லேருந்து எழுதுவ. பள்ளிக்கூடத்துல அந்த சார் என்னை வாசல்ல நிக்க வச்சு, ‘மக்கு, உனக்கு எதுக்குடா புஸ்தகம்’னு கேட்ட அன்னிக்கு, புஸ்தகத்தையெல்லாம் தண்ணித் தொட்டிக்குப் பின்னால சொருகிட்டு வந்துட்டேன். நீ திட்டவே இல்ல. எடுத்துட்டு வந்து வெயில்ல காய வச்சே.

— எனக்கும் அப்போ ஒண்ணும் தெரியாதுடா. இதுக்கு ஒரு பேர் இருக்குன்னோ, இப்படிப்பட்ட பிள்ளைங்க இன்னும் எத்தனையோ பேர் இருக்காங்கன்னோ யார் சொன்னா? மெஷினை அக்கக்காப் பிரிச்சு, மறுபடி மாட்டி, முன்னைவிட நல்லா ஓட வச்சியே. இவன் எப்படி மக்காவான்னு மட்டும் தோணுச்சு.

— முடிவெட்டுற கடை ஞாபகமிருக்கா?

— மறப்பேனா! கடை போர்டைப் பார்த்துத் தெருவுல நின்னுக்கிட்டு ‘மு… டி… தி… ரு…’ன்னு தொண்டை கிழியக் கத்துற. கடைக்காரர் கத்தரிக்கோலோட வெளியே வந்துட்டார், நீ கிண்டல் பண்றேன்னு நினைச்சு.

— உள்ள பாதி முடி வெட்டின ஆளும் வெளியே வந்துட்டார்.

— ‘முடி திருத்தகம்’னு முடிச்ச பாரு! அண்ணே, இவன் படிக்கிறான் அண்ணே, முதல் தடவையாப் படிக்கிறான்னு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். மனுஷன் உனக்குச் சும்மாவே முடிவெட்டி விட்டார்.

— மோசமா வெட்டினார்.

— ரொம்ப மோசம். நானும் அம்மாவும் சிரிச்ச சிரிப்பு! அன்னிக்குத்தான்டா முடிவு பண்ணேன், படிச்சா உன்னை மாதிரிப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற படிப்பைத்தான் படிக்கணும்னு. அந்தக் கடையும் இல்ல, அம்மாவும் இல்ல. சரி, எழுது. ‘ஆசிரியப் பணியிலிருந்து விலகிக்கொள்ள விரும்புகிறேன்.’

— கையை நீட்டு.

— எதுக்கு?

— நீட்டுக்கா. கண்ணை மூடு. உள்ளங்கையில எழுதுறேன், என்னன்னு சொல்லு.

— டேய், கூசுது!

— எனக்கும்தான் கூசுச்சு. நெளிஞ்சா முதல்லேருந்து.

— இரு… இது வந்து… கொம்பு.

— சின்ன மாமா வந்துட்டார். அடுத்தது?

— ம… ‘மெ’. மெ. அப்புறம்… இன்னொரு தடவை எழுது. து. அப்புறம் வ, கால். வா.

— சேர்த்துச் சொல்லு.

— மெ… து… வா. மெதுவா.

— நீ எனக்குச் சொன்ன வார்த்தைதான். ஒரு நாள்கூட ‘சீக்கிரம்’னு சொன்னதில்ல. ஏன்க்கா அழுற?

— படிச்சேன்டா.

— படிச்சே.

— ஆனா இது போதாது. உள்ளங்கையில ஒவ்வொரு எழுத்தாத் தடவிப் பார்க்கிறவ எப்படி டீச்சரா இருப்பா? கரும்பலகையில ஒரு பிள்ளை தப்பா எழுதினா எனக்குத் தெரியாது. அவங்க முன்னாடி நான் திணறி நிக்கணுமா? என் வகுப்புல நான் யாரையும் எழுப்பி நிக்க வச்சுப் படிக்கச் சொன்னதில்ல. அந்த அவமானம் என்னன்னு உன் முகத்துல பார்த்தவ நான். இப்போ நானே எப்படிப் போய் நிப்பேன்?

— நம்ம லிஃப்ட் இருக்கே, ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சுன்னா உள்ள இருக்கிறவங்க விழுந்துடும்னு கதவைப் போட்டு உதைப்பாங்க. அது விழாதுக்கா. கரண்ட் போனதும் பிரேக் தானா இறுக்கிப் பிடிச்சுக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தா போதும், யாராவது வந்து கையால சுத்தி இறக்குவாங்க.

— லிஃப்ட் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். எழுதுறியா இல்லையா?

— எழுதுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். சொன்னா கோபப்படக் கூடாது.

— என்ன பண்ணித் தொலைச்சே?

— உன் பையும் கண்ணாடியும் வகுப்புலயே கிடக்குன்னு உங்க தலைமை ஆசிரியை கூப்பிட்டாங்க. நேத்து எடுக்கப் போனேன். கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு, ரெட்டைப் பின்னல்.

— மௌனசாமி. அப்படித்தான் நான் கூப்பிடுவேன். வந்த நாள்லேருந்து யார்கிட்டயும் வாயைத் திறந்ததில்ல. என்கிட்ட மட்டும் காதுக்குள்ள ரெண்டு வார்த்தை சொல்லுவா. அவளுக்கென்ன?

— பையை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்துட்டேன். பின்னாலயே வந்து சட்டையைப் பிடிச்சு இழுத்தா. ‘டீச்சருக்குப் படிக்க வராமப் போயிடுச்சாமே, நிஜமா?’ன்னு கேட்டா. சத்தமாவே கேட்டா, வகுப்பே திரும்பிப் பார்த்துச்சு.

— பேசினாளா? எல்லார் முன்னாடியுமா? நீ… நீ என்னடா சொன்னே?

— ஆமான்னேன். அந்த மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்ல வரலக்கா.

— ஐயோ. அவ என்ன சொன்னா?

— ‘அதனாலதான் வரலையா?’ன்னா. ஆமாம்மான்னேன். அப்புறம், ‘எங்களுக்கும்தான் படிக்க வரல. நாங்க தினமும் வர்றோமே’ன்னா.

— அப்படியா சொன்னா?

— அப்படியேதான்க்கா. கடைசியில ‘இப்படிக்கு’ன்னு போடட்டுமா?

— கிழிச்சுப் போடு. திங்கட்கிழமை காலையில என்னைக் கொண்டுபோய் விடு, சரியா? அவ பெஞ்சுல எனக்குக் கொஞ்சம் இடம் விடச் சொல்லு.