ஊதினால் பூஜ்யம்

லைல்: ஊதித் தொலை கேப்டன். மூணே செகண்டு.

டாரியா: மாட்டேன்.

லைல்: எதிர் டீம் நாலு பேரும் துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு ஐஸ் மேல நிக்கிறாங்க...

டாரியா: நிக்கட்டும்! பதினோரு வருஷமா இந்த கர்லிங் கிளப்ல ஐஸ் மேல கல்லு வழுக்கி விடறேன். ஃபைனல்ஸ் பாதியில, பார் கவுண்டர்ல தொங்கற போதை மெஷினைக் கொண்டுவந்து மூஞ்சிக்கு நேரா நீட்டறாங்க. நான் என்ன, ஹைவேல மாட்டின லாரி டிரைவரா?

வெர்னா: என் மேல பாயாதே டாரியா. கமிட்டி செக்ரட்டரி நான். புகார் வந்தா விசாரிக்கணும்.

டாரியா: யார் குடுத்தது?

வெர்னா: பேர் இல்லை. மத்தியானம் புகார்ப் பெட்டியில கிடந்துச்சு.

டாரியா: இன்னொரு தடவை படிங்க. லைலும் கேக்கட்டும்.

லைல்: இப்ப எதுக்கு... நேரம் ஓடுது.

டாரியா: படிங்க வெர்னா.

வெர்னா: 'டாரியா பவ்லிக் குடித்துவிட்டு ஆடுகிறார். ஆட்டம் முடிந்தால் கையில் எப்போதும் விஸ்கி கிளாஸ். வியாழக்கிழமை பயிற்சியில் தடுமாறி விழப் பார்த்தார். நேற்றும் அப்படியே. யாருக்காவது அடிபடும் முன் நிறுத்துங்கள்.' அவ்வளவுதான்.

டாரியா: இந்த கிளப்ல குடிக்காம ஐஸ்ல இறங்கற ஒருத்தனைக் காட்டுங்க, பாப்போம்.

வெர்னா: போன வருஷம் ஸ்டான் அப்படித்தான் இறங்கி இடுப்பை ஒடிச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் போட்ட விதி இது. தடுமாறினா ஊதணும். இன்னிக்கு நீ ரெண்டு தடவை தடுமாறினதை நானே பாத்தேன்.

லைல்: முதல் பரிசு நாலு பன்னித் தொடை, கேப்டன். ஆளுக்கு ஒண்ணு. ஈஸ்டருக்கு அதை நம்பி எங்க வீட்ல அடுப்பைக் கழுவி வச்சிருக்காங்க.

டாரியா: உன் பன்னித் தொடையில இடி விழ.

வெர்னா: ஊத இஷ்டம் இல்லையா? அதுக்கும் வழி இருக்கு. காய்ச்சல்னு சொல்லிட்டுப் பின்வாசல் வழியா வீட்டுக்குப் போயிடு. மிச்ச ஆட்டத்தை லைல் நடத்துவான். உன் மானமும் போகாது.

டாரியா: போன வெள்ளிக்கிழமை என் சலூன்ல உங்க தலைக்குச் சுருள் போட்டது இந்தக் கைதான் வெர்னா. அன்னிக்கு என் வாய்ல சாராய நாத்தம் அடிச்சுதா?

வெர்னா: நான் அப்படிச் சொல்லலை...

டாரியா: சொல்லலை. மெஷினை நீட்டறீங்க. அஞ்சு நிமிஷம் குடுங்க எனக்கு.

வெர்னா: நாலு.

லைல்: வெர்னா போயிட்டாங்க. கத்தாதே, சுவரு மெல்லிசு... கேப்டன், ஊதறதுல ஒண்ணும் கேவலம் இல்லை. எங்கப்பா குடியை நிறுத்தினதே இந்த கிளப்தான், தெரியுமில்ல? நோட்டீஸ் போர்டுல பேரை எழுதி ஒட்டினாங்க. ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியில வரலை. அப்புறம் சாகிற வரைக்கும் பாட்டிலைத் தொடலை.

டாரியா: நல்ல கதை. டேய், நான் ஊதினா மெஷின் என்ன காட்டும் தெரியுமா?

லைல்: எவ்வளவு அடிச்சேன்னு...

டாரியா: பூஜ்யம்.

லைல்: அப்புறம் என்ன? ஊது!

டாரியா: பூஜ்யம் வந்தா அடுத்து என்ன கேப்பாங்க?

லைல்: என்ன கேப்பாங்க... 'அப்ப ஏன் தடுமாறினே'ன்னு...

டாரியா: ஆங். அதுக்குத்தான் ஊதலை.

லைல்: இரு இரு. காலையில செமி ஃபைனல்ஸ் ஜெயிச்சோம். வழக்கப்படி ஜெயிச்ச டீம் குடிக்க வாங்கிக் குடுக்கணும், தோத்தவங்க கூட உக்காரணும். உக்காந்தோம். என் கண்ணு முன்னாடி ரெண்டு கிளாஸ் காலி பண்ணினே.

டாரியா: இஞ்சி சோடா.

லைல்: விஸ்கி கிளாஸ்ல?

டாரியா: கலர் ஒண்ணுதானே. டிசம்பர்ல இருந்து பார்ல சொல்லி வச்சிருக்கேன். பவ்லிக் வீட்டுப் பொண்ணு குடிக்கறதை நிறுத்திட்டாள்னா இந்த ஊரு சும்மா இருக்குமா? கர்ப்பமா, வியாதியான்னு சலூன்ல வந்து உக்காந்துக்கிட்டே நோண்டுவாங்க.

லைல்: ...எது?

டாரியா: என்ன எது?

லைல்: ரெண்டுல எது?

டாரியா: பார்க்கின்ஸன்.

லைல்: போடி.

டாரியா: சத்தியமா.

லைல்: உனக்கு முப்பத்தொன்பது வயசு! அது கிழவனுங்களுக்கு வர்றது. எங்க ஓட்டோ பெரியப்பாவுக்கு எழுபத்தெட்டுல வந்துச்சு. சூப்பு ஸ்பூன்ல ஏறும், வாய்க்கு வர்றதுக்குள்ள...

டாரியா: சொன்னே பாரு! நீயும் அதையே சொன்னே! மூணு வருஷமா காசு வாங்காம அதையே சொன்னாங்கடா டாக்டருங்க. 'சின்ன வயசு, உனக்கு ஒண்ணும் இருக்காது.' இடது கை வீச மாட்டேங்குதுன்னு போனேன். தோள்பட்டை இறுகிப் போச்சுன்னு பதினாலு தடவை பிசியோதெரபிக்கு அனுப்பினாங்க. கால் விரல் உள்ள மடங்கி இழுக்குதுன்னு போனேன். ஷூவை மாத்தச் சொன்னாங்க. மூக்குல வாசனையே தெரியலைன்னு சொன்னேன்...

லைல்: ஓ... அன்னிக்கு கிச்சன்ல காபி தீஞ்சு புகையுது, நீ பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தே.

டாரியா: அன்னிக்கு என்னைக் குருட்டுக் கோழின்னு கிண்டல் பண்ணினே. ஒரு டாக்டர் என்ன கேட்டாரு தெரியுமா? 'வீட்டுக்காரரோட ஏதாவது மனஸ்தாபமா?'

லைல்: உனக்கு ஏது வீட்டுக்காரர்?

டாரியா: அதைத்தான் நானும் கேட்டேன். 'ஓஹோ, தனிமை'ன்னு எழுதிக்கிட்டாரு.

லைல்: அடப்பாவி.

டாரியா: கடைசியில வினிபெக் ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா. விரலைத் தட்டிக் காட்டச் சொன்னாங்க. வராந்தாவுல நடக்க விட்டுப் பாத்தாங்க. இருபது நிமிஷம்! மூணு வருஷம் எவனும் என்னை நடக்க விட்டுப் பாக்கலை லைல். ரத்தத்துல தெரியற வியாதி இல்லையாம். உக்காந்து, கேட்டு, பாத்தாத்தான் தெரியுமாம். அதுக்குத்தான் எவனுக்கும் நேரமில்லை.

லைல்: ஆனா கை... உனக்குக் கை ஆடி நான் பாத்ததில்லையே.

டாரியா: வேலை செய்யறப்ப நின்னுடும். சும்மா வச்சாத்தான் ஆடும். அதான் சும்மாவே வைக்கறதில்லை. கோட்டுப் பாக்கெட், கிளாஸு, துடைப்பம். எதையாவது பிடிச்சுக்கிட்டே இருப்பேன்.

லைல்: அப்ப கத்திரி பிடிக்கறது...

டாரியா: கத்திரி வலது கை. சீப்புதான் இடது. ஆனா விஷயம் தெரிஞ்சா இந்த ஊர்ல எவ எங்கிட்ட வந்து காதைக் காட்டுவா? சொல்லு. நீ காட்டுவியா?

லைல்: எனக்கு வெட்ட முடி எங்க இருக்கு...

டாரியா: சிரிக்காதே.

லைல்: சிரிக்கலை. நீதான் சிரிக்கறே.

டாரியா: ...காலையில தோத்தவங்க தட்டு நிறைய சாசேஜ் வச்சு நீட்டினாங்க. வேணாம்னா மரியாதை இல்லை. தின்னேன். இறைச்சியும் என் மாத்திரையும் ஒரே வாசல்ல நுழையப் பாக்கும். இறைச்சி முந்திக்கும். மாத்திரை வெளியிலயே நிக்கும். கல்லை விடறப்ப நான் வழுக்கிக்கிட்டுப் போறது இடது கால்ல. அது மரக்கட்டை மாதிரி ஆயிடுச்சு. அதுதான் நீங்க எல்லாரும் பாத்த போதை.

லைல்: இப்ப?

டாரியா: நாப்பது நிமிஷத்துக்கு முன்னாடி இன்னொண்ணு போட்டேன். கால் விரல் இறுக்கம் லேசா விடுது.

லைல்: எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.

டாரியா: சொன்னா அடுத்த நாள்ல இருந்து தலையைச் சாய்ச்சுக்கிட்டு மெதுவாப் பேசுவே. 'கேப்டன், நீ உக்காரு, நான் கல்லைத் தள்ளறேன்'னு. குடிகாரின்னு பேர் வந்தாக்கூடத் தேவலைன்னு நினைச்சேன். இப்ப அது கடிதமா வந்து உக்காந்திருக்கு.

லைல்: அதை எழுதினவனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டான் கேப்டன்.

டாரியா: அவனுக்கு நீ எதுக்குடா வக்காலத்து?

லைல்: சும்மா... ஒருவேளை உன் நல்லதுக்குன்னு நினைச்சிருக்கலாம். நிறுத்திடுவேன்னு.

டாரியா: என் நல்லது வேணும்னா எங்கிட்ட வந்து கேக்கணும். பெட்டியில போடக் கூடாது.

லைல்: ம்.

டாரியா: காலையில கல்லுக்கு முன்னாடி ஐஸைத் தேய்க்கறப்ப, ஓடற கல்லு மேல உன் துடைப்பம் பட்டுச்சே. யாரு பாத்தா?

லைல்: ஒருத்தரும் பாக்கலை.

டாரியா: நான்கூடப் பாக்கலை. அப்புறம் ஏன் நின்னு 'தப்பு என்னோடது'ன்னு கையைத் தூக்கினே? நமக்கு ஒரு பாயிண்ட் போச்சு.

லைல்: பட்டவன்தானே சொல்லணும். இந்த ஆட்டமே அதுதானே.

டாரியா: அதேதான்.

லைல்: கேப்டன்... நான் ஒண்ணு...

வெர்னா: நாலு நிமிஷம் ஆச்சு. என்ன முடிவு? ஊதறியா, பின்வாசலா?

டாரியா: முன்வாசல். அந்த மெஷினைத் தூக்கிக்கிட்டு வாங்க. ஐஸ் மேல, அத்தனை பேரு முன்னாடியும் ஊதறேன். பூஜ்யம் வரும். ஏன் தடுமாறினேன்னு நீங்க கேக்க வேண்டாம், நானே சொல்றேன். அப்புறம் வெள்ளிக்கிழமை தலையைக் குடுக்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.

வெர்னா: என்னடி இது... என்ன ஆச்சு உனக்கு?

லைல்: டாரியா, வேணாம். இரு. முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன்...

டாரியா: இங்க வேணாம் லைல். வியாழக்கிழமை பயிற்சிக்கு வந்தது நீயும் நானும் மட்டும்தான். வெர்னா முதல் தடவை படிச்சப்பவே எனக்குத் தெரியும். விஸ்கி கிளாஸ்ல சோடா ஊத்தி ஊரை ஏமாத்தினதுக்கு நான் ஐஸ் மேல நின்னு கையைத் தூக்கப் போறேன். என் பக்கத்துல நின்னு, உங்கப்பா பேரை ஒட்டின அதே போர்டைப் பாத்துக்கிட்டு, நீயும் உன் கையைத் தூக்கு. அப்புறம் துடைப்பத்தை எடு. கடைசிக் கல்லு என்னோடது.